பட்ஜெட் நாளில் ஒரு சதமும் ஒதுக்கப்படுவதில்லை: ஒன்ராறியோ சட்டமன்றம் ஆண்டுச் செலவுக்கு அனுமதி தரும் விதம்

ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் ஒன்ராறியோவின் நிதியமைச்சர் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் எழுந்து வரவு-செலவுத் திட்டத்தை வாசிப்பார். அன்றைக்கும் மறுநாளும் செய்திகளில் அதுதான் ஓடும். மருத்துவமனைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, நெடுஞ்சாலைக்கு இவ்வளவு. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு, பணம் ஒதுக்கியாகிவிட்டது, இனிச் செலவுதான் பாக்கி என்று தோன்றும்.

உண்மையில் அந்த உரையால் அரசாங்கத்துக்கு ஒரு சதம்கூடச் செலவழிக்கும் உரிமை கிடைப்பதில்லை. அந்த உரையை ஒட்டிச் சட்டமன்றம் வாக்களிக்கும் தீர்மானமும், அரசின் வரவு-செலவுக் கொள்கையைப் பொதுவாக ஏற்கிறோம் என்று மட்டும்தான் சொல்கிறது. செலவழிக்கும் அனுமதி வேறு வழியாக, வேறு நாட்களில், பெரும்பாலும் செய்தியாளர்கள் எட்டிப் பார்க்காத நேரத்தில் வருகிறது. நம் வரிப்பணம் எப்படிப் போகிறது என்று அக்கறைப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டிக்குச் சாவி யாரிடம்?

மாகாண அரசுக்கு வரும் வரி, கட்டணம், மத்திய அரசு தரும் பணம் எல்லாம் ஒரே நிதியில் போய்ச் சேர்கின்றன. அதைத் திரட்டு நிதியம் என்று சொல்லலாம். இந்த ஏற்பாடு கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருக்கிறது. மாகாணத்தின் வருமானம் ஒரே நிதியமாகச் சேர வேண்டும், அது மாகாணத்தின் பொதுப்பணிக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒன்ராறியோவின் நிதி நிர்வாகச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது: சட்டத்தின் அனுமதி இல்லாமல் அந்த நிதியத்திலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. முதல்வர் விரும்பினாலும், அமைச்சரவை முழுதாகக் கூடி முடிவெடுத்தாலும், சட்டம் இல்லையென்றால் பணம் இல்லை.

இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1920களில் இலண்டனில் பிரிவி கவுன்சில் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு வழக்கைத் தீர்த்தது. நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொது நிதியத்திலிருந்து கொடுக்கப்பட்ட பணம் சட்டவிரோதமாகக் கொடுக்கப்பட்டது, அரசு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் தீர்ப்பு. கொடுத்தது அமைச்சரே என்றாலும் அதுதான் நிலை. அன்று கனடாவுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே பிரிவி கவுன்சில்தான். அந்தத் தீர்ப்பு இங்கேயும் நன்றாக வேரூன்றியது.

வரி வாங்குவதற்கும் விதி அதுவே. ஒன்ராறியோவில் இறந்தவரின் உயிலை நீதிமன்றத்தில் உறுதிசெய்ய ஒரு கட்டணம் இருந்தது. சட்டமன்றம் அதை நிறைவேற்றவில்லை, ஓர் ஒழுங்குவிதியின் மூலம் அரசே விதித்திருந்தது. 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அது உண்மையில் ஒரு வரி, சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் விதித்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் சட்டமன்றம் அதற்கென்று முறையான சட்டம் இயற்றியது. வாங்குவதற்கும் கேட்க வேண்டும், கொடுப்பதற்கும் கேட்க வேண்டும்.

இந்த உரிமைக்காக நடந்த சண்டை

இன்றைய ஒன்ராறியோ அப்போது மேல் கனடா. ஆளுநரை அனுப்பியது இலண்டன். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை ஒன்று இருந்தாலும், ஆளுநரும் அவரைச் சுற்றியிருந்த சில குடும்பங்களும் வைத்ததுதான் சட்டம். 1836இல் ஆளுநர் சர் பிரான்சிஸ் பொண்ட் ஹெட், தன் நிர்வாக சபையைக் கலந்து பேசாமல் ஆளத் தொடங்கினார். அந்தச் சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். சட்டசபை கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தது. அரசு நடத்தப் பணம் தர மாட்டோம் என்றது. பொண்ட் ஹெட் பதிலுக்கு, சட்டசபை நிறைவேற்றி வைத்திருந்த பணச் சட்டங்களுக்கு ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்தார். சாலை, பாலம் போன்ற வேலைகள் நின்றன. அப்புறம் சபையையே கலைத்தார். அடுத்த தேர்தலில் அவருடைய ஆதரவாளர்கள் வென்றார்கள். ஆனால் கோபம் அடங்கவில்லை. 1837 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர் வில்லியம் லயன் மெக்கென்சியின் ஆட்கள் ஆயுதங்களோடு யங் வீதி வழியே ரொறன்ரோவை நோக்கி இறங்கி வந்தார்கள்.

இன்றைய கியூபெக்கான கீழ் கனடாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சட்டசபை பல ஆண்டுகளாகப் பணம் தர மறுத்துவந்தது. 1837இன் தொடக்கத்தில் இலண்டன் நாடாளுமன்றம், சட்டசபையின் அனுமதி இல்லாமலே ஆளுநர் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கேயும் கிளர்ச்சி வெடித்தது.

இரண்டு கிளர்ச்சிகளும் தோற்றன. ஆனால் 1848இல் சீர்திருத்தத் தலைவர்களான பால்ட்வினும் லாஃபொன்டேனும் அமைத்த அமைச்சரவையோடு, சட்டசபையின் நம்பிக்கை இருக்கும் வரைதான் ஆட்சி என்ற முறை நிலைத்தது. அதற்குப் பிறகு 1867 சட்டத்தில் இரண்டு விதிகள் ஏறின. 53ஆம் பிரிவின்படி பணச் சட்டங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த சபையில்தான் தொடங்க வேண்டும். 54ஆம் பிரிவின்படி மன்னரின் பிரதிநிதியான ஆளுநருடைய பரிந்துரை இல்லாமல் சபை ஒரு செலவையும் நிறைவேற்றக்கூடாது. 90ஆம் பிரிவு இந்த இரண்டையும் மாகாணங்களுக்கும் பொருத்துகிறது.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் முழு அமைப்பும் விளங்கும். பணம் கேட்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. தரவோ மறுக்கவோ உரிமை சட்டமன்றத்துக்கு மட்டுமே. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், என் தொகுதியில் ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும், இத்தனை மில்லியன் டொலர் ஒதுக்குங்கள் என்று சட்டமுன்வடிவு கொண்டுவர முடியாது. செலவு கேட்கும் சட்டமுன்வடிவை அமைச்சர்தான் கொண்டுவரலாம், அதுவும் மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநரின் பரிந்துரையோடு.

ஒரு நிதியாண்டைப் பின்தொடர்வோம்

ஒன்ராறியோவின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. 2023-24ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுக்கான வரவு-செலவுத் திட்டம் 2023 மார்ச் 23இல் வந்தது. மொத்தச் செலவு 204.7 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் கதை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டு முடிவதற்குள், 2023-24க்கான இடைக்கால நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. தனிச் சட்டமாக வராமல், பல விஷயங்கள் அடங்கிய ஒரு பெரிய சட்டமுன்வடிவின் இணைப்பாக வந்தது. ஏன் அவ்வளவு முன்னாடியே? ஏப்ரல் 1 காலையில் தாதியருக்குச் சம்பளம் போக வேண்டும், சிறைச்சாலைக்கு உணவு போக வேண்டும். முழு ஆய்வும் முடிந்து இறுதிச் சட்டம் வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அரசு இயங்க இந்த இடைக்கால அனுமதி. பிறகு இறுதிச் சட்டம் வரும்போது, இதன் கீழ் செலவான பணம் எல்லாம் அந்தந்தத் தலைப்பில் கணக்கு எழுதப்படும்.

இங்கேதான் கவனம் வேண்டும். நிதியாண்டுக்கு வேண்டிய பணத்தின் மிகப் பெரும் பங்கை அரசு கையாளும் அதிகாரம் இந்தச் சட்டத்தாலேயே கிடைத்துவிடுகிறது. அந்த ஆண்டின் வரவு-செலவுத் திட்டம் இன்னும் வெளிவரவில்லை, அமைச்சு வாரியான மதிப்பீடுகளும் வரவில்லை. இருந்தும் உறுப்பினர்கள் வாக்களித்துவிடுகிறார்கள். நடைமுறைக்கு இது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன்மீது விவாதம் இவ்வளவு குறைவாக இருப்பது சரியில்லை.

வரவு-செலவு உரைக்குப் பிறகு செலவு மதிப்பீடுகள் சட்டமன்றத்தில் வைக்கப்படும். வைப்பவர், அரசின் செலவுகளைக் கவனிக்கும் அமைச்சரவைக் குழுவான திறைசேரி வாரியத்தின் தலைவராக இருக்கும் அமைச்சர். அந்தக் காட்சி நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், ஆனால் பார்க்க வேண்டிய ஒன்று. துணைநிலை ஆளுநர் கைப்பட ஒப்பமிட்ட ஒரு செய்தி தன்னிடம் இருப்பதாக அமைச்சர் சொல்வார். உறுப்பினர்கள் எழுந்து நிற்பார்கள். மார்ச் 31இல் முடியும் ஆண்டில் மாகாணத்தின் சேவைகளுக்குத் தேவைப்படும் தொகைகளின் மதிப்பீடுகளை அனுப்புகிறேன், சட்டமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்ற அந்தச் செய்தியைச் சபாநாயகர் வாசிப்பார். 54ஆம் பிரிவு கேட்கும் பரிந்துரை இதுதான். இது நடக்காமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

மதிப்பீட்டுப் புத்தகத்தைத் திறந்தால்

வரவு-செலவுத் திட்டப் புத்தகத்தில் படங்களும் வாக்குறுதிகளும் நிறைய இருக்கும். மதிப்பீடுகளில் அட்டவணைகள் மட்டும்தான். ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மாகாண அரசின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒவ்வோர் அமைச்சின் செலவும் சில வாக்குத் தலைப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கல்வி அமைச்சில் 1001 என்பது அமைச்சின் நிர்வாகம். 1002 என்பது தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வி. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் உருப்படிகள். ஒவ்வோர் உருப்படிக்குக் கீழேயும் சம்பளம், ஊழியர் நலன்கள், போக்குவரத்தும் தொடர்பும், சேவைகள், பொருட்களும் கருவிகளும், மானியக் கொடுப்பனவுகள் என்று செலவின் வகைகள். நடைமுறைச் செலவு தனியாக, மூலதனச் செலவு தனியாக இருக்கும். பக்கத்திலேயே முந்தைய ஆண்டின் மதிப்பீடும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இருக்கும். இந்த வித்தியாசக் கட்டம்தான் புத்தகத்திலேயே மிகவும் பயனுள்ள இடம். உங்களுக்கு அக்கறையான திட்டம் வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

1002ஐப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சம்பளம், பொருட்கள் என்று வரும் தொகைகள் எல்லாம் சிறியவை. மானியக் கொடுப்பனவு என்ற வரி மட்டும் பிரம்மாண்டமாக இருக்கும். மாகாணம் தானே பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, பள்ளிச் சபைகளுக்குப் பணம் கொடுக்கிறது. மருத்துவமனைகளுக்கும் அப்படியே. ஆக, சட்டமன்றம் அனுமதிக்கும் பணத்தில் பெரும் பங்கு, அரசுக்கு வெளியே உள்ள அமைப்புகளின் கைக்குத்தான் போகிறது.

சில வரிகளின் முன்னால் ஒரு தனி அடையாளம் இருக்கும். அவை வேறொரு சட்டத்தாலேயே நிரந்தரமாக அனுமதிக்கப்பட்ட செலவுகள். அமைச்சரின் சம்பளம் அப்படி ஒன்று. கடனுக்கான வட்டி இன்னொன்று, அதுவோ ஆண்டுக்குப் பத்து பில்லியன் டொலருக்கும் மேல். இவற்றுக்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்பு கிடையாது, தகவலுக்காகத்தான் காட்டுகிறார்கள். சட்டமன்றமே ஒருநாள் நினைத்தாலும் கடன்காரருக்கு வட்டி கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. கடன் கொடுப்பவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி.

வரவு-செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகையும் மதிப்பீடுகளின் மொத்தமும் ஒத்துப்போகாது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதில் குழம்பிப் போவார்கள், ஏதோ மறைக்கிறார்கள் என்றுகூட நினைப்பார்கள். மருத்துவமனைகள், பள்ளிச் சபைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் கணக்குகளை வரவு-செலவுத் திட்டம் மாகாணத்தின் கணக்கோடு சேர்த்துக் காட்டுகிறது. அவை சொந்தமாகத் திரட்டும் பணமும் அதில் வரும். மதிப்பீடுகளில் அமைச்சுகள் கேட்கும் பணம் மட்டும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்காதீர்கள்.

குழுவில் நடப்பது

மதிப்பீடுகள் சட்டமன்றத்தின் நிலைக்குழுக்களுக்குப் போகின்றன. அண்மைக்காலம் வரை இதற்கென்றே ஒரு தனிக் குழு இருந்தது, இப்போது துறைவாரிக் குழுக்கள் பிரித்துப் பார்க்கின்றன. எல்லா அமைச்சுகளையும் பார்க்க நேரம் இருக்காது என்பதால் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அமைச்சர் வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் துணை அமைச்சர், பின்னால் அதிகாரிகள். உறுப்பினர்கள் மணிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி நேரத்தில் அமைச்சர்கள் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அது முடியாது. சென்ற ஆண்டு இந்த உருப்படிக்குக் கேட்ட பணத்தில் மீதி ஏன், இந்த ஆண்டு குறைத்தது ஏன், குறைத்தால் எந்தச் சேவை நிற்கும் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். அமைச்சருக்குத் தெரியாவிட்டால் அதிகாரி முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையில் விவரம் இல்லையென்றால் பின்னர் எழுத்தில் தரச் சொல்லி உறுப்பினர்கள் கேட்பார்கள். சொன்னது அத்தனையும் எழுத்தில் பதிவாகும். மாகாணத்தின் பணத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பொதுவில் பேசும் இடம் வேறு அதிகம் இல்லை. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் உறுப்பினர் இங்கே சாதிப்பதை, சபையில் ஆண்டு முழுதும் கத்தினாலும் சாதிக்க முடியாது.

முடிவில் குழுத் தலைவர் ஒவ்வொரு தலைப்பாக வாக்குக்கு விடுவார். வாக்கு 1001, அமைச்சு நிர்வாகம், நிறைவேற்றலாமா? ஆம் என்றால் அடுத்தது. குழு ஒரு தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம். கூட்ட முடியாது. ஒரு தலைப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடவும் முடியாது. பெரும்பான்மை அரசு இருக்கும்போது குழுவிலும் அரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆகவே குறைப்பு நடப்பது அபூர்வம். தேர்ந்தெடுக்கப்படாத அமைச்சுகளின் மதிப்பீடுகளோ, குழு ஏற்றுக்கொண்டதாகவே கருதப்பட்டு ஒரு கேள்வியும் இல்லாமல் திரும்பிவிடும். பல பில்லியன் டொலர் இப்படிப் போவது எனக்கு உறுத்துகிறது.

குழுக்களின் அறிக்கை வந்ததும் சபை ஒவ்வோர் அமைச்சின் மதிப்பீட்டுக்கும் இசைவு தெரிவிக்கும் தீர்மானங்களை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகே இறுதிச் சட்டம், அதாவது நிதி வழங்கல் சட்டம். 2023-24க்கான அந்தச் சட்டம் 2024 மார்ச்சில் நிறைவேறியது. தேதியைக் கவனியுங்கள். நிதியாண்டு முடியச் சில நாட்கள்தான் பாக்கி. பணம் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிட்டிருந்தது. இந்தச் சட்டம் நீண்டதும் அல்ல. சில பிரிவுகள், அப்புறம் அமைச்சு வாரியாகத் தொகைகள், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த இறுதி வாக்கு எதற்கு என்று கேட்கலாம். இடைக்காலச் சட்டம் அமைச்சுக்கு அவசரத்துக்குப் பொதுவாகப் பணத்தைத் தருகிறது. எந்தப் பணம் எந்த வாக்கில், எந்த உருப்படியில் என்பதைச் சட்டத்தோடு பிணைப்பது இந்த இறுதிச் சட்டம்தான். ஓர் உருப்படிக்குத் தந்த பணத்தை அரசு உரிய ஆணை இல்லாமல் இன்னொன்றில் போட்டால் கணக்காய்வாளர் அதைச் சட்டமீறல் என்று சொல்ல இதுவே அடிப்படை.

ஆண்டு நடுவில் பணம் போதாமல் போனால்

எந்த மதிப்பீடும் அப்படியே நிற்காது. காட்டுத்தீ வரும், தொற்று வரும், நீதிமன்றத் தீர்ப்பு வரும். அப்போது அரசு எப்போதும் சட்டமன்றத்துக்கு ஓடி வருவதில்லை. திறைசேரி வாரியம் ஓர் ஆணை மூலம் ஓர் இடத்தின் பணத்தை உயர்த்தலாம், ஆனால் அதே அளவு பணம் வேறோர் இடத்தில் செலவாகாமல் குறைக்கப்பட வேண்டும். மொத்தத் தொகை மாறாது என்பதுதான் இதற்கு நியாயம்.

இதற்காகவே திறைசேரி வாரியச் செயலகத்தின் மதிப்பீடுகளில் எதிர்பாராச் செலவு நிதி என்று ஒன்று வைக்கப்படுகிறது. அந்த நிதியிலிருந்து நேரடியாக யாரும் செலவழிப்பதில்லை. தேவைப்படும் அமைச்சுக்கு ஆணை மூலம் நகர்த்துவார்கள். இந்த நிதி பெரிதாகப் பெரிதாக, எதற்கு என்றே தெரியாமல் சட்டமன்றம் அனுமதிக்கும் பணமும் பெரிதாகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிதிப் பொறுப்பாண்மை அலுவலகம், அரசு ஆண்டு நடுவில் எவ்வளவு செலவழித்தது, எங்கிருந்து எங்கே பணத்தை நகர்த்தியது என்பதைத் தன் அறிக்கைகளில் எழுதிவருகிறது. எளிய நடையில் இருப்பவை, படித்துப் பாருங்கள்.

சட்டமன்றமே அமர்வில் இல்லாதபோது அவசரம் வந்தால்? அதற்குச் சிறப்பு ஆணைப்பத்திரம் என்று ஒரு வழி உண்டு. சட்டமன்றத்தின் வாக்கு இல்லாமலேயே துணைநிலை ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செலவை அனுமதிப்பது. சட்டமன்றம் கலைக்கப்பட்டு தேர்தல் நடக்கும் காலத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் 2003இல் நடந்தது வேறு.

அந்த மார்ச்சில் முதல்வர் ஏர்னி ஈவ்ஸின் அரசு சட்டமன்ற அமர்வை முடித்துவைத்தது. புதிய நிதியாண்டு தொடங்க இருந்தது, உறுப்பினர்களோ வீட்டில். செலவுக்குச் சிறப்பு ஆணைப்பத்திரம். மார்ச் 27இல் நிதியமைச்சர் ஜனெட் எக்கர் வரவு-செலவுத் திட்டத்தை வாசித்தார், ஆனால் குயின்ஸ் பார்க்கில் இல்லை. பிரம்ப்டனில் மக்னா வாகன உதிரிப்பாக நிறுவனத்தின் பயிற்சி நிலையத்தில், அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில், தொலைக்காட்சிக்காக. மக்கள் நேராகப் பார்க்கட்டும் என்றது அரசு. ஏப்ரல் 30இல் சட்டமன்றம் திரும்பக் கூடியதும் புயல் கிளம்பியது. சபாநாயகர் கரி கார் அரசுக் கட்சியிலிருந்து தேர்வானவர். மே 8இல் அவர், சட்டமன்றத்தை அவமதித்ததற்கு முதல்தோற்ற ஆதாரம், அதாவது மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் ஆதாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அந்த அரசு தேர்தலில் தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் தன் கட்சி அரசையே எதிர்த்து ஒரு சபாநாயகர் அப்படித் தீர்ப்பளித்தது சாதாரண விஷயம் இல்லை. அந்த மரியாதை கரி காருக்கு என்றும் உண்டு.

வேண்டாம் என்று சொன்னால்

பணம் தரச் சட்டமன்றம் மறுத்தால் அரசு சபையின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்று பொருள். அரசு விலக வேண்டும், அல்லது தேர்தல். சிறுபான்மை அரசு இருக்கும் காலங்களில் இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 2014 மே 1இல் கத்லீன் வின்னின் சிறுபான்மை அரசு வரவு-செலவுத் திட்டத்தை வைத்தது. மறுநாளே புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் அண்ட்ரியா ஹோர்வத் ஆதரவு தர மாட்டோம் என்று அறிவித்தார். வாக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்காமல் முதல்வர் தேர்தல் கேட்டார். ஜூன் 12இல் பெரும்பான்மையோடு வென்று, ஜூலையில் அதே திட்டத்தைத் திரும்ப வைத்து நிறைவேற்றினார். அந்த ஒரு திட்டத்தின்மேல் முடிவு சொல்லும் வேலை அந்த முறை வாக்காளர்களிடமே வந்து சேர்ந்தது.

செலவான பிறகு

ஆண்டு முடிந்து 180 நாட்களுக்குள் பொதுக் கணக்குகள் வெளிவர வேண்டும், அதாவது செப்டெம்பர் இறுதிக்குள். 2023-24க்கான கணக்குகள் 2024 செப்டெம்பரில் வந்தன. 1.3 பில்லியன் டொலர் பற்றாக்குறை வரும் என்று திட்டமிட்டிருந்தார்கள், கடைசியில் 0.6 பில்லியன் என்று முடிந்தது. கணக்காய்வாளர் நாயகம் அந்தக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார். அவர் அரசுக்குக் கீழே வேலை செய்பவர் இல்லை, சட்டமன்றத்தின் அலுவலர். ஆண்டு நடுவில் திறைசேரி வாரியம் போட்ட ஆணைகளின் பட்டியலும் அவருடைய ஆண்டறிக்கையில் வரும். அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். இந்தக் குழுவுக்குத் தலைமை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் இருப்பது வழக்கம்.

இந்த ஓட்டத்தில் சாதாரண மக்கள் நுழையச் சிறந்த நேரம் ஆண்டின் முற்பகுதிதான். நிதி, பொருளாதார விவகாரங்களுக்கான நிலைக்குழு, வரவு-செலவுத் திட்டத்துக்கு முன்பு மாகாணத்தின் பல நகரங்களுக்கும் போய் மக்களின் கருத்தைக் கேட்கிறது, பெரும்பாலும் குளிர்காலத்தில். பேச விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம். தமிழ் முதியோர் இல்லம், மொழி வகுப்பு, மனநல உதவி என்று ஏதாவது ஒன்றுக்காகப் பேசப் போகிறவர்கள், போவதற்கு முன் மதிப்பீட்டுப் புத்தகத்தில் அந்தச் சேவை எந்த அமைச்சின் எந்த வாக்கில், எந்த உருப்படியில் வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். கூடுதல் பணம் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் குழு தலையாட்டி அடுத்தவரை அழைக்கும். இந்த உருப்படியில் சென்ற ஆண்டைவிட இவ்வளவு குறைந்திருக்கிறது, ஏன் என்று கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதே கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதி அனுப்புங்கள். அந்த அமைச்சின் மதிப்பீடு குழுவுக்கு வரும்போது அவர் அதை அமைச்சரிடமே கேட்கலாம்.